எருமைத் தடம்

பூநாரை பார்க்கப் போகிறோம் என்றுதான் வீட்டில் சொல்லிவிட்டு வந்தோம். அருவியாறு கடலில் விழுகிற இடத்துக்குச் சற்று மேலே, விடிந்தும் விடியாத நேரம். கூட வந்தவள் என்னோடு பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிற சிநேகிதி. எருக்கலம்பிட்டி முஸ்லிம் குடும்பம், போரில் அவர்கள் இடம்பெயர்ந்த பிறகு புத்தளத்தில் பிறந்து வளர்ந்தவள். சேறு என்றால் அவளுக்கு ஆகாது. "நீங்க போங்க அக்கா, நான் கட்டுல நிக்கிறன்" என்று தேநீர்ப் போத்தலோடு அணைக்கட்டில் நின்றுகொண்டாள்.

நான் பக்கத்திலிருக்கிற அடம்பன் ஊர்க்காரி. போர் முடிந்து ஊர் திரும்பியபோது வீட்டுக்கு வீடு சொன்னது ஒன்றுதான்: மாடு நடந்த தடத்தில் மட்டும் கால் வை. அங்கே மிதிவெடி இருந்திருந்தால் மாட்டோடு போயிருக்கும். வெடியெல்லாம் எடுத்தாயிற்று என்று சிவப்புப் பலகைகளைக் கழற்றிக்கொண்டு போய் எத்தனையோ காலம். என் கால்தான் இன்னும் நம்பவில்லை. புல்தரையைக் கண்டால் குளம்படி தேடுவேன். சாணி கிடந்தால் நிம்மதி.

அன்றும் ஓர் எருமைத் தடம் வளைந்து வளைந்து சேற்றுத் திடலுக்குப் போனது. அதிலேயே போனேன். பூநாரைகள் தலையைக் கவிழ்த்து மேய்ந்துகொண்டிருந்தன. பைனாகுலரைக் கண்ணில் வைத்தால் எனக்கு உலகம் மறந்துவிடும். நீர் ஏறும் நேரம் எருமைக்குத் தெரியும், அது முன்னமே கரையேறிவிட்டது என்பதை நான் யோசிக்கவில்லை.

கணுக்காலில் குளிர் பட்டபோதுதான் குனிந்தேன். எங்கள் பக்கத்தில் கடல் பெரிதாக ஏறாது. ஆனால் திடல் தட்டை, ஏறினால் சத்தமில்லாமல் பரவிவிடும். வந்த தடம் முழுவதும் நீருக்கடியில். திடலின் மறுபக்கத்து ஓடை நிறைந்து இழுத்துக்கொண்டிருந்தது. எனக்கு நீந்தத் தெரியாது. மிச்சம் இருந்தது ஒரே வழி: அணைக்கட்டுக்கும் எனக்கும் நடுவே புதர் மண்டிக் கிடந்த உவர்மண் பற்றை. போர்க்காலத்தில் காவலரண் இருந்து, சுற்றிலும் வெடி புதைத்திருந்த இடம் அது. ஒரு குளம்படிகூட இல்லை.

அசையாமல் நின்றேன். நீர் முழங்காலுக்கு வந்தது. மாதாவைக் கூப்பிடக்கூட வாய் வரவில்லை.

"அக்கா, நேரா வாங்க! என்ன நிக்கிறீங்க?"

"ஏலாதடி. தடம் இல்லை."

அவளுக்கு விளங்கிவிட்டது. போத்தலைக் கீழே வைத்துவிட்டுப் பற்றைக்குள் இறங்கினாள்.

"வராதை! அங்கயே நில்லடி! வராதை!"

தொண்டை கிழியக் கத்தினேன். அவள் ஒவ்வொரு முறை கால் தூக்கும்போதும் மறுபடி கத்தினேன். அவளோ மண்ணைப் பார்த்தபடி, உதடுகள் அசைய வந்துகொண்டேயிருந்தாள். புத்தளத்தில் வளர்ந்தவளுக்கு வெடியைப் பற்றி என்ன தெரியும் என்று அந்த நேரத்திலும் எனக்குக் கோபம் வந்தது.

வந்து என் கையைப் பிடித்தாள். திரும்பும்போது அவள் முன்னால். ஈரமண்ணில் பதிந்த அவளுடைய செருப்படிகளில் காலை வைத்து வைத்து நான் பின்னால்.

அணைக்கட்டில் ஏறியதும் என் பயமெல்லாம் ஏச்சாக வந்தது. "விசரே உனக்கு? பயமே இல்லையோ?"

அவள் தேநீர் ஊற்றப் பார்த்தாள். பாதி மண்ணில் போனது.

"ஏன் இல்ல? கலிமா சொல்லிச் சொல்லித்தான் வந்தனான்."

உயிர் பிரியும்போது வாயில் இருக்கவேண்டிய வார்த்தை அது என்று அவள்தான் ஒருநாள் எனக்குச் சொல்லியிருந்தாள்.