சுத்தமான தீவும் இசக்கியம்மாளின் பைக்காவலும்

கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீஸ் (அந்த ஊரில் தொழிற்சாலையை அப்படித்தான் சொல்வார்கள்) நடத்திவந்த பூவனநாதனுக்குத் தொண்ணூற்றெட்டாம் வருஷம் திடீரென்று சுத்தத்தின் மேல் காதல் வந்துவிட்டது. தீக்குச்சி மருந்துச் சட்டி கழுவிய தண்ணீரை ஆபீசுக்குப் பின்னால் இருந்த ஓடையில் விட்டு, அந்த ஓடையின் நிறத்தையே மாற்றி வைத்திருந்த மனிதர் அவர். பாக்கு எச்சிலைத் துப்பத் தன் வாசல் போதாமல் அடுத்த வீட்டு வாசலையும் சேர்த்துக்கொள்பவர். அப்படிப்பட்டவர் ஒரு நாள் மத்தியானம் சாப்பிட உட்கார்ந்து, வழவழவென்றிருந்த ஒரு விளம்பரத் தாளை மனைவி இசக்கியம்மாளின் முகத்துக்கு நேரே விரித்துப் பிடித்தார்.

"பாத்தியா? இது ஒரு தீவு. இங்க உள்ள கடற்கரைக்குச் சர்டிபிகேட் குடுத்திருக்காவ, சுத்தமான கடற்கரைன்னு. வெளிநாட்டுக்காரன் வந்து மண்ணு, தண்ணி எல்லாத்தையும் சோதிச்சுப் பாத்துக் குடுத்தது."

"கடலுக்குமா பரீட்சை வைக்குதாவ?"

"ஒனக்கு என்னட்டி தெரியும்? சாம்பாரை ஊத்து."

அவள் ஊற்றினாள். இந்தக் காதல் எங்கிருந்து வந்தது என்று அவளுக்குத் தெரியும். தெற்கு பஜாரில் இன்னொரு தீப்பெட்டி ஆபீஸ் வைத்திருக்கும் கண்ணுசாமி போன வருஷம் சிங்கப்பூருக்குப் போய்விட்டு வந்திருந்தார். "அங்கன நடுரோட்டுல சோத்தைக் கொட்டித் திங்கலாம் அண்ணாச்சி, அம்புட்டுச் சுத்தம்" என்று அவர் போகிற கல்யாண வீட்டில் எல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். அதைக் கேட்டதிலிருந்து பூவனநாதனுக்குச் சோறு இறங்கவில்லை. கண்ணுசாமியுடைய சுத்தம் வெறும் வாய்ச்சுத்தம். தன்னுடையதோ சர்டிபிகேட் வாங்கிய சுத்தம். அதுதான் விஷயம்.

இசக்கியம்மாள் எப்போதும்வென்றான் என்கிற ஊரில் பலசரக்குக் கடை வைத்திருந்தவரின் மகள். அவளுடைய கதையைப் பைகளில் இருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். கல்யாணமான புதிதில் குடும்பத்தோடு குற்றாலம் போனார்கள். "புதுப்பொண்ணு பொறுப்பானவ, பையைப் பாத்துக்கிடுவா" என்று மாமியார் சொல்லிவிட்டுப் போய் அருவியில் தலையைக் கொடுத்தாள். அன்றைக்கு உட்கார்ந்தவள்தான். கொழுந்தன் பிள்ளைகளுக்கு மொட்டை போடத் திருச்செந்தூர் போனபோதும், நாத்தனாருக்கு நேர்த்திக்கடன் தீர்க்க மறுபடி போனபோதும், கன்னியாகுமரியிலும் ராமேஸ்வரத்திலும் குடும்பமே கடலில் கும்மாளம் போட்டது. கரையில் கழற்றிப்போட்ட செருப்பு, கைக்கடிகாரம், துண்டு, தூக்குச்சட்டி இவற்றின் நடுவே இசக்கியம்மாள் இருந்தாள். கடைசியாகக் கரையேறுகிறவர்கள் "நீயும் ஒரு முங்கு போட்டுட்டு வா" என்பார்கள். அவள் எழுந்திருப்பதற்குள் பஸ்ஸுக்கு நேரமாகிவிடும். இத்தனை வருஷத்தில் கடல் அவளுடைய கணுக்காலுக்கு மேல் ஏறியதில்லை.

அதனால் புருஷனின் வீண் ஜம்பத்தை நினைத்து அவள் சிரித்தாலும், அந்தத் தாளை மட்டும் எடுத்து மடித்து வைத்துக்கொண்டாள். அவ்வளவு தூரம் போனால் பஸ்ஸுக்கு ஓட வேண்டாம். கழுத்தளவு தண்ணீரில் ஒரு தடவையாவது நின்றுவிட வேண்டும். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான், அதை வெளியே சொல்லக்கூட அவளுக்கு வெட்கமாக இருந்தது.

ஏற்பாடுகள் நடந்தன. பூவனநாதன் ஏற்பாடு செய்கிற அழகைக் காசு கொடுத்துப் பார்க்கலாம். தீவில் தண்ணீர் எப்படி இருக்குமோ என்று கேன் கேனாகத் தண்ணீர் பிடித்து வைத்தார். வீட்டுக் குழாயில் தண்ணீர் வருவதே அபூர்வமாக இருக்கிற ஊரில், தெருப் பெண்கள் எல்லாம் பார்க்க, கடலுக்குப் போகிறவர் தண்ணீர் மூட்டை கட்டினார். புளியோதரை, முறுக்கு, கடலை மிட்டாய் என்று வேறு பைகள். குளிக்கப் போகிற இடத்துக்குக் கோட்டு ஒன்றும் தைத்தார்.

எந்த மாதம் போவது என்பதில் மட்டும் அவருக்குக் குழப்பமே இல்லை. தீப்பெட்டிக்காரனுக்கு வெயில் அடிக்கிற நாள் எல்லாம் வேலை நாள். மழை பெய்தால் குச்சி காயாது, ஆபீஸ் படுத்துவிடும். அப்போதுதான் முதலாளிக்கு லீவு. ஆகவே ஐப்பசி என்று முடிவு செய்தார். மதுரை டிராவல்ஸில் இருந்த பெண் போனில் தயங்கினாள்.

"சார், அது மழை சீசன். படகு போகுமான்னு நிச்சயமா சொல்ல முடியாது."

"மழைன்னா என்னம்மா, நாலு தூத்தல் விழும். நாங்க குடை கொண்டு வாரோம்" என்றார் பூவனநாதன்.

கரிசல்காட்டு மழையைப் பார்த்தே வளர்ந்தவருக்குக் கடல் மழையும் அதே நாலு தூறல்தான். இசக்கியம்மாள் பொறுக்க முடியாமல், "ஐப்பசியில கடல் கொந்தளிக்கும்னு சொல்லுவாவளே" என்றாள். "சர்டிபிகேட் வாங்குன கடலுட்டி அது" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டார். சர்டிபிகேட் வாங்கிய கடலுக்கு அலையடிக்கக்கூட அனுமதி இல்லை என்று நினைத்தார்போல.

கிளம்புவதற்கு முந்தின நாள் அவர் யார் யாருக்கு என்ன வேலை என்று பிரித்துக் கொடுத்தார். கல்லூரியில் படிக்கும் மகள் ஜெயப்பிரியா போட்டோ எடுக்க வேண்டும். அவர் கோட்டுப் போட்டுக்கொண்டு கடலுக்கு முன்னால் நிற்பார். "நாம ரெண்டு பேரும் தண்ணிக்குள்ள எறங்கும்போது அம்மா பையைப் பாத்துக்கிடட்டும். புது எடம், எவனை நம்ப முடியும்?"

இசக்கியம்மாள் முறுக்கு டப்பாவை மூடிக்கொண்டிருந்தாள். மூடியை அழுத்திய கை அப்படியே நின்றது. இவரோடு சொர்க்கத்துக்குப் போனாலும் வாசலில் செருப்புக்குத்தான் காவல் இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள். டப்பாவைப் பைக்குள் திணித்தாள்.

மறுநாள் காலையில் டிராவல்ஸ் பெண் போன் செய்தாள். புயல் சின்னமாம். தீவுக்குப் படகு இல்லை, எப்போது விடுவார்கள் என்றும் தெரியாது.

பூவனநாதன் ரிசீவரைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டார். கடலைப் பற்றி அவருக்குக் கவலை இல்லை. பஜார் பூராவும் சொல்லி வைத்திருந்தார், அதுதான் கவலை. "ஒரு வாரம் கதவைச் சாத்திக்கிட்டு உள்ளயே இருந்துருவோம். யாராவது வந்தா சத்தம் காட்டாதீய" என்றார். மாப்பிள்ளை வீட்டார் பார்க்க வருகிற வயதில் மகளை வைத்துக்கொண்டு, திருடன் மாதிரி சொந்த வீட்டில் ஒளிந்திருக்கத் திட்டம் போடுகிற அப்பன்.

"பால்காரன் வருவான், பேப்பர்காரன் வருவான். எத்தனை பேருக்கு ஒளிய?" என்றாள் இசக்கியம்மாள். "பையை எல்லாம் தூக்குங்க. தெருவே பாக்கும்படியா ஆட்டோவுல ஏறுவோம். பஸ் ஏறி நேரா திருச்செந்தூர் போயி ரூம் போட்டு இருப்போம்."

"அந்த அழுக்குக் கடலுக்கா?"

"அப்பம் வீட்டுலயே இருங்க. நானும் பிள்ளையும் போறோம்."

அவள் இப்படிப் பேசி அவர் கேட்டதில்லை. கோட்டை மாட்டிக்கொண்டு வந்தார். தண்ணீர்க் கேன் உட்பட எல்லாப் பைகளும் ஆட்டோவில் ஏறின. "போயிட்டு வாங்க அண்ணாச்சி" என்று தெரு கையசைத்தது.

திருச்செந்தூரில் மழை விட்டிருந்தது, கடலும் அடங்கியிருந்தது, ஆனால் வெயில் ஏறவில்லை. முன்னால் தங்கியிருந்தவர்கள் ரூமைக் காலி செய்யாததால் மூட்டையோடு கடற்கரைக்கு வந்தார்கள். வாழைப்பழத் தோலும், ஈரத் துணியும், எவனோ மொட்டையடித்த முடியும் கிடந்தன. பூவனநாதன் மூக்கைச் சுளித்தார். இசக்கியம்மாள் பைகளை ஒவ்வொன்றாக அவர் காலடியில் இறக்கினாள். செருப்பைக் கழற்றி அதன் மேல் வைத்தாள்.

"பையைப் பாத்துக்கிடுங்க. புது ஆளுக வார எடம், எவனை நம்ப முடியும்?"

அவர் வாயைத் திறப்பதற்குள் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கிவிட்டாள். கணுக்கால், முழங்கால், இடுப்பு. ஓர் அலை வந்து அறைந்தது, உப்பு வாய்க்குள் போனது. துப்பிவிட்டுச் சிரித்தாள். கழுத்தளவு வந்ததும் நின்றாள். அவளுக்கு அழுகை வந்தது, கடல் தண்ணீரோடு அதுவும் போயிற்று.

கரையில் பூவனநாதன் கோட்டோடு மூட்டைகளின் நடுவே உட்கார்ந்திருந்தார். கோவில்பட்டியில் மழை பிடித்தால் தீப்பெட்டி ஆபீஸ் வைத்திருக்கிற எல்லாருக்கும் லீவுதான் என்பதும், எல்லாரும் திருச்செந்தூருக்குத்தான் வருவார்கள் என்பதும் அவருக்கு உறைக்கவே இல்லை. கண்ணுசாமி குடும்பத்தோடு எதிரே வந்து நின்றபோதுதான் உறைத்தது. எழுந்து ஓட வேண்டும் போலிருந்தது. இவ்வளவு மூட்டையை விட்டுவிட்டு எங்கே ஓடுவது?

"என்ன அண்ணாச்சி, தீவுக்குப் போறதாச் சொன்னியளே?" என்றார் கண்ணுசாமி. தண்ணீர்க் கேன்களைப் பார்த்தார், கோட்டைப் பார்த்தார், சிரிப்பை அடக்கிக்கொண்டார். பிறகு தன் வீட்டார் பைகளையும் அந்தக் குவியலோடு சேர்த்து வைத்தார். "நல்லவேளை, நீங்க இருக்கிய. இதையும் பாத்துக்கிடுங்க, ஒரு முங்கு போட்டுட்டு வந்துருதோம்."

"ஏட்டி இசக்கி! போதும், வா!" என்று கடலைப் பார்த்துக் கத்தினார் பூவனநாதன்.

இசக்கியம்மாளுக்கு அது நன்றாகவே கேட்டது. மூக்கைப் பிடித்துக்கொண்டு இன்னொரு முங்கு போட்டாள்.