படத்தில் இல்லாத குடிசைகள்

போன பொங்கலுக்கு மறுநாள், கீழ்க்கட்டளை தசரதன் மண்டபத்தில் கல்யாணம் எதுவும் இல்லை. ஆனால் கல்யாணக் கூட்டம். நாற்காலிகளை ஓரம் கட்டிவிட்டுச் சுவர் முழுக்கப் படங்களை மாட்டியிருந்தார்கள். ஊர்க்காரர்கள் தங்களைத் தேடிக்கொண்டு வந்திருந்தார்கள்.

"டேய், இது நம்ம பாலுடா! தலையில எவ்ளோ முடி பாரு!"

"அப்பவே விக்கா?"

"அப்ப சொந்த முடிடா. இப்பதான் விக்கு."

படங்களை எடுத்த பிரிட்டோ வாசலில் நின்று, வருகிறவர்களுக்கெல்லாம் கை கொடுத்துக்கொண்டிருந்தார். அறுபத்தெட்டு வயது. வாழ்நாள் முழுக்க அடுத்தவர் விசேஷங்களில் சுவரோரம் நின்றவருக்கு அன்றைக்குத்தான் தன் விசேஷம்.

அவருடைய அப்பாவுக்குக் குரோம்பேட்டையில் தோல் பதனிடும் வேலை. மகனுக்கும் அங்கேயே இடம் பிடித்தார். மகன் ஒரு வாரம் போய்ப் பார்த்தார், நாற்றம் தாங்கவில்லை. பல்லாவரத்தில் ஒரு ஸ்டுடியோவில் பிலிம் கழுவச் சேர்ந்தார். "அதுவும் நாறும். ஆனா கடைசில ஒரு மூஞ்சி வரும்ல," என்பார். சில வருடங்களில் கீழ்க்கட்டளையில் சொந்தமாக ஸ்டுடியோ போட்டார்.

கல்யாணமும் ஞானஸ்நானமும் காதுகுத்தும் சோறு போட்டன. மற்றதெல்லாம் மிச்சத்தில் வந்தது. விசேஷம் முடிந்து கிளம்பும்போது ரோலில் இரண்டு மூன்று படங்களுக்கு இடம் இருக்கும். அதை வீணாக்க அவருக்கு மனம் வராது. திரும்பும் வழியில் கண்ணில் பட்டதை எடுப்பார். தாம்பரம் ரயிலில் தொங்குகிற கூட்டம். மறைமலை நகர் கம்பெனி பஸ்ஸுக்காக விடியலில் நிற்கும் இளைஞர்கள், எல்லார் தலையிலும் ஈரம் காயாத எண்ணெய். லாரித் தண்ணீருக்குக் குடங்களை வரிசையில் விட்டுவிட்டு நிழலில் நின்று சண்டை போடும் பெண்கள். மழைநாளில் முழங்கால் தண்ணீருக்குள் சிலிண்டரைத் தோளில் சுமந்து போகிற ஆள். டிஜிட்டல் கேமரா வந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. ஊர் இப்படித்தான் அவருடைய பெட்டிகளில் சேர்ந்தது.

அவரிடம் ஒரு பண்பு உண்டு. வீடு, தெரு என்று வந்தால் யாரையும் கேட்காமல் எடுக்க மாட்டார். கேட்டால் அவர்கள் நிபந்தனை போடுவார்கள். கிழிந்த பாவாடை தெரியக் கூடாது, குப்பைத்தொட்டி தெரியக் கூடாது, குடித்துவிட்டுப் படுத்திருக்கும் மாமனார் தெரியக் கூடாது. பிரிட்டோ சிரித்துக்கொண்டே நகர்ந்து நின்று எடுப்பார். அதனாலேயே அவரை எல்லா வீட்டுக்குள்ளும் விட்டார்கள்.

குட்டைமேட்டுத் தெருவில் அந்த நிபந்தனை ஒன்றே ஒன்றுதான். அந்த இடம் புறம்போக்கு நிலம். கொத்து வேலைக்கும் வீட்டு வேலைக்கும் போகிறவர்கள் அங்கே ஓலைக் குடிசை போட்டு வருடக்கணக்கில் இருந்தார்கள். கையில் கொஞ்சம் சேர்ந்ததும் அதே இடத்தில், குடிசைக்குப் பக்கத்திலேயே ஓர் அறை செங்கல்லில் எழுப்புவார்கள். பால் காய்ச்சுவது அன்றைக்குத்தான். குடிசைக்கு யாரும் பால் காய்ச்சியதில்லை. அன்றைக்கு பிரிட்டோவைக் கூப்பிடுவார்கள்.

"அண்ணா, படத்துல குடிசை விழாம எடுண்ணா."

ஓலையும் சாக்குப் படுதாவும் உறவுக்காரர்கள் பார்க்கப் போகும் படத்தில் வேண்டாம். பிரிட்டோ கேமராவைத் தெருவோரக் குட்டைப் பக்கம் திருப்புவார். பின்னணியில் முள்செடி மட்டும் இருக்கும். பார்க்கிறவர்களுக்கு, ஆளே இல்லாத காட்டில் ஒரு வீடு முளைத்து அன்றைக்கே பால் பொங்கியது மாதிரி தெரியும். படத்தின் மூலையில் கேமராவே தேதியை ஆரஞ்சு நிறத்தில் போட்டுவிடும்.

கண்காட்சி தசரதனின் யோசனை. பிரிட்டோவும் அவரும் பள்ளியில் ஒரே வகுப்பு. தசரதனுடைய குடும்பம் ஊரின் பழைய விவசாயக் குடும்பம். வயல்கள் மனைகளாகி, மனைகள் மண்டபமாகிவிட்டன. பிரிட்டோவின் மனைவி ரோஸி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது வேளை தவறாமல் சாப்பாடு அனுப்பியவர் தசரதன். "மச்சான், உன் படமெல்லாம் பெட்டில கெடந்து பூசணம் புடிக்கிது. எங்கிட்ட குடு. ஊரே பாக்கட்டும்," என்று அவர் சொன்னபோது பிரிட்டோ மறுகேள்வி கேட்கவில்லை. பெட்டிகளை ஆட்டோவில் ஏற்றி அனுப்பினார்.

மண்டபத்தில் தசரதனின் மகன் நிகில் செல்போனோடு சுற்றிக்கொண்டிருந்தான். "ஆன்ட்டி, உங்க போட்டோ பக்கத்துல நில்லுங்க. யார் வீடு, எந்த வருஷம்னு சொல்லுங்க. சும்மா ஒரு ஞாபகத்துக்கு."

குட்டைமேட்டு அமலராணி முந்தானையைச் சரிசெய்துகொண்டு நின்றாள். "இது எங்க வூட்ல பால் காய்ச்சினது. தொண்ணூத்தெட்டு. மூலைல போட்டுகீது பாரு. அப்பல்லாம் சுத்தி இன்னா இருந்துச்சு? வெறும் முள்ளு. நாங்கதான் மொதோ வூடு!"

"நீ மொதோ வூடுன்னா நாங்க இன்னா மரத்துலயா தொங்கினோம்?" என்றாள் பக்கத்து வீட்டு புஷ்பம். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நிகில் புஷ்பத்தையும் பேசச் சொல்லிப் பதிவு செய்தான்.

குட்டைமேட்டுக்காரர்கள் அதற்கு முன்பே பட்டா கேட்டு மனு கொடுத்திருந்தார்கள். முப்பது வருடத்துக்கு மேலாக அங்கே குடியிருப்பதாக அதில் சொல்லியிருந்தார்கள். ஆடி மாதம் தாலுகா ஆபீசில் விசாரணைக்கு வந்தபோது மனுவை எதிர்த்து ஒருவர் வந்திருந்தார். தசரதன். தெருவுக்குப் பின்னால் அவருக்கு நிலம் இருக்கிறது. அடுக்குமாடி கட்ட ஆள் வந்துவிட்டது, மெயின் ரோட்டுக்கு வழிதான் இல்லை. தெரு போனால் வழி. அவர் கொடுத்த ஆவணக் கட்டில் பிரிட்டோவின் பால் காய்ச்சும் படங்கள் வீடு வீடாக இருந்தன, தேதியோடு. கூடவே நிகில் எடுத்த வீடியோ. தங்கள் வீடு எப்போது வந்தது, அதற்கு முன் அங்கே எதுவும் இல்லை என்று அவரவர் வாயாலேயே சொல்கிறார்கள். அந்தக் கணக்கில் யாருக்கும் முப்பது வருடம் ஆகவில்லை.

அமலராணி நகலை எடுத்துக்கொண்டு நேராக ஸ்டுடியோவுக்கு வந்தாள்.

"இன்னாண்ணா இது?"

பிரிட்டோ கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். தன் படங்களை அவருக்கு அடையாளம் தெரியாமலா போகும்.

"கண்காட்சிக்குத்தான்மா குடுத்தேன்."

"நீ எதுக்கோ குடுத்த. அங்க எங்களக் காலி பண்ணச் சொல்றான்."

அன்றைக்கு அவர் ஷட்டரை இறக்கிவிட்டு, மண்டபத்திலிருந்து பெட்டிகளைத் திருப்பி வாங்கிவந்து, நெகட்டிவ்களை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒரு குடிசை கிடைத்தால் போதும். ஓர் ஓலைக் கூரை, ஒரு மூங்கில் கம்பு. அந்த வாரம் முழுக்கத் தேடினார். அத்தனை படத்திலும் சுத்தமான முள்காடு. எங்கேயாவது தவறிப்போய் கை கோணியிருக்கக் கூடாதா என்று கூட நினைத்தார். கோணவில்லை.

தசரதன் வீட்டுக்குப் போனார்.

"டேய், அங்க குடிசை இருந்தது உனக்குத் தெரியாதா? உங்கப்பா வயல்ல நடவு நட்டவங்கதான்டா மொதல்ல போட்டாங்க."

"அதெல்லாம் அப்போ மச்சான். நீ இன்னாத்துக்கு இதுல பேஜார் ஆவுற? உன் வூடா போவுது?"

"என் படம்டா."

"நல்ல படம்தான். யாரு இல்லன்னா? ஒக்காரு, காபி குடிச்சிட்டுப் போ."

பிரிட்டோ உட்காரவில்லை.

அடுத்த விசாரணைக்கு அவரே போனார். யாரும் அவரை அழைத்திருக்கவில்லை. குட்டைமேட்டுப் பெண்கள் பெஞ்சில் இடம் இருந்தும் நகரவில்லை. அவர் சுவரோரம் நின்றார். அதிகாரி பொறுமையாகத்தான் கேட்டார்.

"இந்தப் படங்கள் நீங்க எடுத்ததா?"

"ஆமா சார். ஆனா குடிசை தெரியாம நாந்தான் கேமராவத் திருப்பினேன். எல்லா வீட்டுலயும் குடிசை இருந்தது."

"குடிசை தெரியிற படம் ஒண்ணு இருக்கா?"

"இல்ல சார்."

பிரிட்டோ எதிர்ப்பக்கம் கையை நீட்டினார். "அவனக் கேளுங்க சார். சின்ன வயசுல நாங்க ரெண்டு பேரும் அந்தக் குடிசைங்களுக்கு நடுவுலதான் கில்லி ஆடுவோம். அவனுக்குத் தெரியும்."

அதிகாரி தசரதனைப் பார்த்தார். தசரதன் பிரிட்டோவைப் பார்க்கவில்லை.

"எனக்கு ஞாபகம் இல்லீங்க. படத்துல இருக்கறதுதான்."

வெளியே மரத்தடியில் ஷேர் ஆட்டோ காத்திருந்தது. பிரிட்டோ அமலராணியிடம் போனார்.

"நீங்கதான்மா குடிசை விழக் கூடாதுன்னு சொன்னீங்க. அதனாலதான்..."

"நாங்க சொன்னோம். எங்களுக்கு வெக்கம். உனக்கு இன்னாண்ணா வெக்கம்? ஒண்ணே ஒண்ணு எங்களுக்குத் தெரியாம எடுத்து வெச்சிருக்கக் கூடாதா?"

புஷ்பம் அவளை ஆட்டோவுக்குள் இழுத்துக்கொண்டாள். ஆட்டோ கிளம்பியது. பின்னாலேயே தசரதனின் கார் வந்து நின்று கண்ணாடி இறங்கியது. "வா மச்சான், ஸ்டுடியோல எறக்கி விடறேன்." பிரிட்டோ பஸ் ஸ்டாண்டை நோக்கி நடந்தார்.

ஐப்பசியில் மனு தள்ளுபடியானது. தெருக்காரர்கள் மேல்முறையீடு செய்திருக்கிறார்கள். வீடுகளின் இன்றைய நிலையைப் படமெடுத்து அதோடு இணைக்க வேண்டும் என்று வக்கீல் சொன்னார். அவர்கள் குரோம்பேட்டையிலிருந்து வேறு ஒரு போட்டோகிராபரை வரவழைத்தார்கள். அந்த ஆள் வீடு வீடாக எடுத்துக்கொண்டிருந்த காலையில் பிரிட்டோ தெருமுனை வரை வந்தார். கழுத்தில் கேமரா இருந்தது. அமலராணி அவரைப் பார்த்தாள். பிறகு திரும்பி, தன் வீட்டு வாசலில் நின்ற அந்தப் போட்டோகிராபரிடம், "எல்லாம் விழட்டும் சார், கக்கூஸ் கதவு முதக்கொண்டு," என்றாள்.