சாப்பிட்டுவிட்டுக் காத்திருப்பது

எல்லையில் சண்டை மூண்டிருந்த அந்தக் கோடை விடுமுறையில், ஹைதராபாத் திருமுல்கேரியில் நடந்தது இது.

அங்கே நான் ஆட்டோ ஓட்டுகிறேன். படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. அதிகம் பேசுகிற சுபாவமும் கிடையாது. ராணுவக் குடியிருப்பிலிருந்து ஒரு அக்காவையும் தம்பியையும் தினமும் காலையில் நீச்சல் வகுப்புக்குக் கூட்டிப்போய்க் கூட்டி வருவேன். அவர்களும் தமிழ்நாட்டுக்காரர்கள்தான். அவளுக்குப் பதின்மூன்று வயது இருக்கும். தம்பி இரண்டாம் வகுப்பு. அவர்களுடைய அப்பா எல்லையில் இருந்தார்.

என் மகனும் அங்கேதான் இருந்தான். பயிற்சி முடிந்து முதல் போஸ்டிங். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. ஸ்டாண்டில் மற்ற டிரைவர்கள் சண்டை வீடியோ பார்த்து, இன்னும் நன்றாக அடி கொடுக்க வேண்டும் என்று பேசிக்கொண்டிருப்பார்கள். நான் கொஞ்சம் தள்ளி வண்டியை நிறுத்தி, மகன் நம்பருக்கு அடித்தபடியே இருப்பேன். ஸ்விட்ச் ஆஃப் என்று ஒரு பெண் குரல் தெலுங்கில் சொல்லும். மறுபடி அடிப்பேன். வீட்டில் மனைவி அடுப்பே மூட்டுவதில்லை. எனக்கும் டீயைத் தவிர எதுவும் இறங்கவில்லை.

ஒரு நாள் வகுப்பு முடிந்ததும் அந்தப் பெண் முதலில் வந்து வண்டியில் உட்கார்ந்தாள். தம்பி இன்னும் உடை மாற்றிக்கொண்டிருந்தான். ஈரத் தலையோடு டிபன் டப்பாவைத் திறந்து, மருந்து விழுங்குவது போலச் சப்பாத்தியைச் சாப்பிட ஆரம்பித்தாள்.

"யாருக்கு அங்கிள் அடிச்சுக்கிட்டே இருக்கீங்க?" என்று கேட்டாள்.

ஏனோ அவளிடம் சொல்லிவிட்டேன்.

அவள் பதறவில்லை. நாமாக அடிக்கக் கூடாது, அங்கே ஃபோனை அணைத்து வைக்கச் சொல்லியிருப்பார்கள், உங்கள் ஃபோனில் சார்ஜ் தீராமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றாள். பேசினால் எங்கே இருக்கிறாய் என்று மட்டும் கேட்காதீர்கள் என்றாள். அவர்கள் வீட்டில் இதெல்லாம் சட்டம் போல. பிறகு என் முகத்தைப் பார்த்து, சாப்பிட்டீர்களா என்றாள். இறங்கவில்லை என்றேன்.

"எனக்கும்தான் இறங்கல அங்கிள். ஆனா அப்பா ஃபோன் பண்ணா முதல்ல சாப்டியான்னுதான் கேப்பார். பொய் சொன்னா குரல்லயே கண்டுபிடிச்சிடுவார். அப்புறம் அங்க அவருக்கு அதே நினைப்பா இருக்கும். அதான் சாப்டுடறேன்."

ஒரு சப்பாத்தியைச் சுருட்டி என்னிடம் நீட்டினாள். வாங்கித் தின்றேன். வீட்டுக்குப் போய் மனைவியிடம் அவள் சொன்னதை அப்படியே சொன்னேன். அன்று எங்கள் வீட்டில் உலை கொதித்தது. இருவரும் உட்கார்ந்து சாப்பிட்டோம்.

சில நாள் கழித்துக் காலையில், அவர்களை ஏற்றப் போகும் வழியில், தெரியாத நம்பரிலிருந்து ஃபோன் வந்தது. மகன்தான்.

"நல்லா இருக்கேன்ப்பா. சாப்டீங்களா? அம்மா சாப்டாங்களா?"

வீட்டில் இருந்தவரை அவனைத்தான் நாங்கள் சாப்பிடச் சொல்லிக் கெஞ்ச வேண்டும். சாப்பிட்டோம் என்று சொன்னேன். அதற்குள் லைன் போய்விட்டது. நான் சொன்னது உண்மை என்பது அவனுக்குத் தெரிந்திருக்கும்.

என் முகத்தைப் பார்த்ததுமே அந்தப் பெண் கேட்டாள், "வந்துடுச்சா அங்கிள்?"

தலையாட்டினேன். அவர்கள் வீட்டுக்கு இன்னும் ஃபோன் வரவில்லை. என் சந்தோஷத்தை எங்கே ஒளித்துக்கொள்வது என்று தெரியவில்லை. அவள் சிரித்தாள். எப்போதும் போல் தம்பியைக் காற்று வரும் ஓரத்தில் உட்கார வைத்துவிட்டு, உள்ளே தள்ளி உட்கார்ந்துகொண்டாள். வழியில் கண்ணாடியில் பார்த்தேன். உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

சண்டை நின்ற பிறகும் அவள் அப்படியேதான் இருந்தாள். பிறகு ஒரு நாள் காலை, நான் போய் நிற்கும்போதே வாசலில் கூச்சல் கேட்டது.

"நக்கோ, வேணாம், அது என் இடம்" என்று தம்பி அவள் பையைப் பிடித்து இழுத்தான்.

"தினம் நீதானே உக்காந்த? இன்னிக்கு நான்தான், போடா" என்று அவனைத் தள்ளிவிட்டு ஓரத்தில் ஏறி உட்கார்ந்தாள். பின்னால் வந்த அவர்கள் அம்மா, அழுது சிவந்த கண்ணோடு சிரித்துக்கொண்டிருந்தார். அப்பாவின் ஃபோன் வந்ததா என்று நான் கேட்க வேண்டியிருக்கவில்லை.

என் மகனும் பிறகு லீவில் வந்து போனான். தெருவில் எல்லோரும் அவனைப் பார்த்துப் பெருமைப்பட்டார்கள். எனக்கும் பெருமைதான். ஆனால் தட்டு முன்னால் உட்காரும்போதெல்லாம், அவனும் அந்தப் பெண்ணும் இத்தனை சீக்கிரம் பெரியவர்களாக வேண்டியிருந்ததே என்று நினைத்துக்கொண்டுதான் முதல் கவளத்தை எடுக்கிறேன்.