சம்பந்தி காரில் வெந்த சோறு

போன சனிக்கிழமை ஏழு பேருக்குக் காரில் சமைத்தோம்.

கார் ஓடவில்லை. முற்றத்தில் நின்றபடியே நின்றது. சோறு மட்டும் உதிரி உதிரியாக வெந்தது. இதை எழுதும்போதும் சிரிப்பு வருகிறது... பொறுங்கள், முதலிலிருந்து சொல்கிறேன்.

மெல்பனில் என் வீட்டிலிருந்து பத்து நிமிடத் தூரத்தில் இருப்பவள் என் சிநேகிதி வாசுகி. அவளுடைய கணவர் சிவநேசன் அண்ணை, டெலிபோன் கம்பனியொன்றில் எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவர். இரண்டு வருடங்களுக்கு முன் கிப்ஸ்லாண்ட் மலைப்பக்கம் ஐந்து ஏக்கர் காணியும் அதிலிருந்த சின்ன மரவீட்டையும் வாங்கினார். அந்த வீட்டுக்கு மின்கம்பி வராது. அதற்காகவே வாங்கினார் என்று நினைக்கிறேன்.

கூரையில் எட்டு சோலர் பனல். கொல்லையில் ஒரு கம்பத்தில் குட்டிக் காற்றாலை. குசினிச் சுவரில் ஒரு பற்றரி.

"வெய்யில் இல்லாட்டிக் காத்து. காத்து இல்லாட்டிப் பற்றரி. மூண்டும் ஒரே நாளில லீவு எடுக்காது" என்பார்.

காஸ் கிடையாது. ஜெனரேட்டர் கிடையாது. அது கொள்கை.

ஜனவரியில், இங்கே கோடையில், நானும் போயிருந்தேன். கொளுத்தும் வெய்யில். பத்து மணிக்கே பற்றரி நிறைந்து வழிந்தது. ஐஸ்கிரீம்கூடச் செய்தோம். அந்த உற்சாகத்தில் அண்ணை, மெல்பன் வீட்டை விற்றுவிட்டு இங்கேயே குடியேறுவது என்று முடிவெடுத்துவிட்டார். வாசுகி ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. வீடு விற்கும் ஏஜென்ட் வருவதாக நாளும் குறித்தாயிற்று.

இதற்கிடையில் மகள் மதுராவுக்குக் கல்யாணப் பேச்சு. அவள் விரும்பிய கார்த்திக்கின் அப்பா அம்மா கோயம்புத்தூர்க்காரர்கள், சிட்னியில் பரமட்டாவில் இருக்கிறார்கள். இரண்டு வீட்டாரும் முதன்முதலாகச் சந்திக்கும் விருந்தை எங்கே வைப்பது?

"காணியிலதான்" என்றார் அண்ணை. ஜூன் மாதக் குளிரில்.

வாசுகி எனக்கு போன் எடுத்தாள். "நீயும் வா. எனக்கொரு சாட்சி வேணும்."

வெள்ளிக்கிழமை பின்னேரம் போய்ச் சேர்ந்தேன். நாலு நாளாக மேகமும் தூறலும். பற்றரியில் நூற்றுக்கு முப்பத்தைந்து வீதம். ஆனால் காற்றாலை ஜோராகச் சுற்றிக்கொண்டிருந்தது.

"பார், காத்தாவது கைகொடுக்குது" என்றேன்.

வாசுகி என்னைக் கூட்டிப்போய் மீட்டரைக் காட்டினாள். பதினெட்டு வாட். ஒரு போன் சார்ஜர்!

சுற்றுவது வேறு, கரண்ட் வருவது வேறாம். காற்றின் வேகம் பாதியானால் கரண்ட் பாதியாவதில்லை, எட்டில் ஒன்றாகிவிடும். இதை விளக்கியவர் அண்ணையேதான். சுற்றிவர நிற்கும் யூகலிப்டஸ் மரங்கள் காற்றைத் தடுக்கின்றன என்பதையும் அவரே சொன்னார். இவ்வளவு தெரிந்தவர் ஏன் அந்தக் கம்பத்தை நட்டார்? கேட்கவில்லை. முகம் பாவமாக இருந்தது.

சனிக்கிழமை காலை குசினியில் ஒரே ஒரு சட்டம் — ஒரு நேரத்தில் ஒரு சாமான்தான் வேலை செய்யலாம். எனக்குச் சொன்னார்கள். நானும் தலையாட்டினேன். பிறகு, தேத்தண்ணி குடிக்கலாமே என்று தண்ணி கொதிக்கக் கேத்திலைப் போட்டேன். அதே நேரம் தண்ணிப் பம்பும், இண்டக்ஷன் அடுப்பும்...

டக்.

வீடே அடங்கிப் போயிற்று. அண்ணை ஓடிவந்து இன்வேர்ட்டரைத் திரும்பப் போட்டார். ஒரு கேத்தில் குடிக்கிற மின்சாரத்தில் இருநூறு எல்.இ.டி. பல்ப் எரியுமாம். இருபத்தைந்து வருடமாக நாளுக்கு நாலு தரம் கேத்தில் போடுகிறேன். யாராவது சொன்னார்களா?

அன்றும் வெய்யில் வரவில்லை. பத்தே முக்காலுக்கு அடுத்த அடி. பற்றரி இருபது வீதத்துக்கு இறங்கியது. அதற்குக் கீழே போனால் பழுதாகிவிடும் என்று, அது தன்னைத்தானே பூட்டிக்கொண்டது. அரிசி கழுவியபடி. கோழி பச்சையாக. விறகு மழையில் ஊறிக் கிடந்தது.

பதினொரு மணிக்குச் சம்பந்திகளின் வெள்ளைக் கார் முற்றத்தில் சத்தமே இல்லாமல் வந்து நின்றது. பின் சீட்டில் மதுராவும் கார்த்திக்கும். கார்த்திக்கின் அப்பா ராமநாதன் இறங்கி, அண்ணையின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"உங்க சோலார் வீட்டைப் பத்தி கார்த்திக் சொல்லிக்கிட்டே இருப்பான் சார். அதனாலதான் டவுன்ல சார்ஜ் போடாமலே வந்துட்டோம். எலக்ட்ரிக் கார் பாருங்க... இங்கயே கொஞ்சம் போட்டுக்கலாம்ல?"

நான் வாசுகியைப் பார்த்தேன். வாசுகி என்னைப் பார்த்தாள். மதுரா இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். அண்ணை கூரைப் பனல்களை அண்ணாந்து பார்த்தார்.

வாசுகிதான் பேசினாள். "அண்ணா, குறை நினைக்கக் கூடாது. எங்களிட்டக் கரண்ட் இல்லை. அதால சோறும் இல்லை."

கார்த்திக்கின் அம்மா கல்யாணி காரைவிட்டு இறங்கினார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். காரின் கதவைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

"சிட்னில இருந்து பயந்துக்கிட்டே வந்தேங்க. ரொம்பப் பெரிய இடம், எல்லாம் பர்ஃபெக்டா இருக்கும், நாம எப்படி நடந்துக்கறதுன்னு..."

அவ்வளவுதான். அடக்கி வைத்திருந்த சிரிப்பு எனக்கும் வெடித்தது.

ராமநாதன் மட்டும் சிரிக்கவில்லை. டிக்கியைத் திறந்து, பிளாஸ்டிக் உறைகூடக் கிழிக்காத ஒரு அடாப்டரை எடுத்தார். காரின் பற்றரியிலிருந்து வெளியே கரண்ட் எடுக்கிற சாமான். "வாங்கினதிலிருந்து இதை யூஸ் பண்ண ஒரு சான்ஸே கிடைக்கல சார்" என்றார். குரலில் அப்படி ஒரு சந்தோஷம்.

குசினி யன்னல் வழியாக வயர் இழுத்தோம். காரில் இருப்பது இருபத்தொன்பது வீதம். டவுன் சார்ஜருக்குத் திரும்பிப் போக இருபது வேண்டும். மிச்சம் ஒன்பதுக்குள் ஏழு பேர் சாப்பிட வேண்டும்.

கார்த்திக் டிரைவர் சீட்டில் இருந்து கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி வாசித்தான். சோற்றுக்கு ஒன்று. கோழிக் கறிக்கு இரண்டு. கத்தரிக்காய்க்கும் பருப்புக்கும் இரண்டு. காரில் மிச்சம் இருபத்து நாலு.

"பாயசம் வேண்டாம்" என்றார் அண்ணை.

"நல்ல காரியம் பேச வந்திருக்கோம். பாயசம் இல்லாம எப்படி?" என்றார் கல்யாணி.

வாக்கெடுப்பு நடந்தது. ஆறுக்கு ஒன்று. பாயசம் வென்றது. இருபத்து மூன்று.

இரண்டு மணிக்கு, ஜாக்கெட்டும் தொப்பியுமாக உட்கார்ந்து சாப்பிட்டோம். அண்ணை சாப்பாட்டை அளைந்துகொண்டே கேட்டார்: "உங்கட காருக்குள்ள எவ்வளவு பற்றரி?"

"அறுபது யூனிட் சார். உங்க பேட்டரி?"

"எட்டு." விரல்விட்டுக் கணக்குப் பார்த்தார். "இந்தக் குளிருக்குள்ள உங்கட காரை நிரப்ப, நாங்கள் ஒரு லைட்டும் போடாமல் இருந்தாலும் மூண்டு கிழமை வேணும்."

"அப்போ மூணு வாரம் தங்கிடலாமா?" என்று ராமநாதன் மனைவியைப் பார்த்தார்.

"லீவு இல்ல" என்றார் கல்யாணி.

பாயசக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு அண்ணை வாசுகியின் பக்கம் திரும்பினார். "ஏஜென்டை வரவேண்டாமெண்டு சொல்லுறன். வீட்டை விக்கேல்ல."

வாசுகியின் தோள்கள் இறங்கியதைப் பார்த்தேன். எத்தனை மாதமாகத் தூக்கி வைத்திருந்தாளோ. ஆனால் அவள் சொன்னதை நான் எதிர்பார்க்கவில்லை.

"காணியையும் விக்க வேண்டாம். கோடையில வந்து இருப்பம், எனக்கு இந்த இடம் பிடிக்கும். ஒரு காஸ் சிலிண்டர் மட்டும் வாங்குங்கோ."

யோசித்துப் பார்க்கிறேன். எட்டு பனல் செய்தது சின்ன வேலையா? லைட், பிரிட்ஜ், போன், லேப்டாப்... வருடத்தில் முக்கால்வாசி நாள் பிசகில்லாமல் ஓடியிருக்கிறது. அதை ஒரு சின்ன வீட்டின் சின்னத் தேவைக்காகப் பொருத்தினார்கள். ஜூன் மாதத்தில் கல்யாணச் சமையலை அதன் தலையில் கட்டியது நாங்கள். வெய்யில் மீது கோபப்பட்டு என்ன பயன்?

கல்யாணத்தைத் தை மாதம் வைப்பதென்று முடிவாயிற்று. நாலு மணிக்குக் கார் புறப்பட்டது. ஹீட்டர் போடாமல், நாலு பேரும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு. நாங்கள் மூன்று பேரும் வாசுகியின் போனைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். ஒரு மணி நேரத்தில் கல்யாணி அழைத்தார். வழியெல்லாம் இறக்கம், ஏழு வீதத்தோடு சார்ஜருக்கு வந்து சேர்ந்துவிட்டார்களாம்.

"அடுத்த தடவை ஃபுல்லா சார்ஜ் போட்டுக்கிட்டு வர்றோம் வாசுகி."

"ஓம், வாங்கோ" என்றாள் வாசுகி. "சம்பந்தி வீட்டுக்கு வெறுங்கையோட வரக்கூடாதுதானே."