தூக்குப் பாலத்து முக்காலி

பாம்பனில் அப்போதெல்லாம் கப்பல் வந்தால், ரயில் பாலத்தின் நடுப்பகுதியை ஆட்கள் இரும்புத் தண்டுகளைக் கையால் தள்ளித்தான் தூக்க வேண்டும். நான் அங்கே குமாஸ்தாவாக இருந்தபோது, தள்ளும் ஆட்களில் மூத்தவருக்கு ஓய்வுபெற இன்னும் ஒரு வருடம் இருந்தது. அகன்ற தோள், உப்புக்காற்றில் பழுத்த மீசை. புதிதாக வந்த அதிகாரி, பாவம் வயதானவர் என்று அவரை முக்காலியில் உட்கார்ந்து கொடி காட்டச் சொல்லிவிட்டார். காலையிலிருந்து சாயங்காலம் வரை அதுதான் வேலை.

ஆனாலும் அவர் தினமும் வந்ததும், தண்டு பிடிக்கப் போகிறவர்போல இரண்டு உள்ளங்கையிலும் துணியைச் சுற்றி இறுக்கிக்கொள்வார்.

"கொடி புடிக்க எதுக்குய்யா கைத்துணி?" என்று ஒருநாள் கேட்டுவிட்டேன்.

"உக்கார வைக்கணும்னா வீட்லயே உக்கார வச்சிருக்கலாம்ல. இங்கன கொண்டாந்து வேடிக்கை பாக்கவா வச்சிருக்காக?" என்று எரிந்து விழுந்தார்.

அன்று மதியம் ஒரு கப்பல் வந்தது. "ஏலே, நெஞ்சக் குடுத்துத் தள்ளுங்கடா" என்று முக்காலியிலிருந்தே கத்தினார். அவர்கள் தள்ளத் தள்ள, இவருடைய குதிகால் காலடிப் பலகையை அழுத்தியது. கழுத்து நரம்பு புடைத்தது. கப்பல் போய்ப் பாலம் இறங்கியதும், ஆட்கள் சிரித்துப் பேசியபடி பீடி பற்றவைத்தார்கள்.

முக்காலியில் இருந்தவருக்குத்தான் வெகுநேரம் மூச்சு வாங்கியது.