இருபத்தொன்பதாவது வாரம்

முதலில் செருப்புத்தான் ஏறவில்லை. வேலைக்குப் புறப்படும்போது காலை நுழைத்துப் பார்த்தேன். குதிக்கால் வெளியே நின்றது. எனக்கு அப்போது இருபத்தெட்டாவது வாரம். வெள்ளவத்தையில் காலி வீதி என்ற பெருந்தெருவிலுள்ள ஒரு புடவைக் கடையில் வேலை செய்கிறேன். காலையிலிருந்து மாலைவரை நின்றபடிதான் வியாபாரம். அதனால் கால் வீங்கியது எனக்குப் பெரிதாகப் படவில்லை. கணவர் தினேஷின் பழைய செருப்பைப் போட்டுக்கொண்டு போனேன்.

அந்த ஞாயிறு கொட்டாஞ்சேனையில் மாமி, தினேஷின் அம்மா, வீட்டுக்குப் போனோம். மாமி என் காலைப் பார்த்தார். “வயித்துப்பிள்ளைக்காரிக்குக் கால் வீங்கத்தானே செய்யும். நின்டு நின்டு வேலை செய்யிறாய். பார்லித் தண்ணி குடி, வடிஞ்சிடும்” என்றார். தானே அவித்து, வடித்து, ஒரு போத்தலில் ஊற்றியும் தந்தார்.

அடுத்த புதன் எனக்குக் கிளினிக் நாள். அதே நாள்தான் மைத்துனியின் நிச்சயதார்த்தம். கிளினிக்கை ஒரு வாரம் தள்ளிப் போடலாம் என்று நான்தான் சொன்னேன். யாரும் என்னை வற்புறுத்தவில்லை. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். பின்னால் வந்த நாட்களில் இதை வேறு வேறு விதமாக மாற்றி எனக்கே சொல்லிப் பார்த்திருக்கிறேன்.

நிச்சயதார்த்தத்துக்கு மறுநாள் தலையிடி தொடங்கியது. பரசிற்றமோல் போட்டேன், நிற்கவில்லை. வலது விலாவுக்குக் கீழே ஒரு நோவு. விருந்துச் சாப்பாட்டினால் வந்த வாயு என்று நினைத்தேன். வெள்ளிக்கிழமை கடையில் ஒரு அம்மாவுக்கு மாம்பழ நிறப் பட்டொன்றை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். கரையில் ஜரிகை மின்னியது. சேலையை மடித்து வைத்த பிறகும் அந்த மினுக்கம் கண்ணைவிட்டுப் போகவில்லை. சுவரிலும் மின்னியது, அந்த அம்மாவின் முகத்திலும் மின்னியது. பக்கத்திலிருந்த கதிரையைப் பிடித்து அதில் உட்கார்ந்துவிட்டேன். முதலாளி தினேஷுக்குப் போன் பண்ணினார்.

இதை வாசிப்பவர்களில் கர்ப்பமாக இருப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். மாத்திரைக்கு நிற்காத தலையிடி, கண்ணில் மினுக்கம், மேல்வயிற்று நோவு, முகமும் கையும் திடீரென்று ஊதுவது, இவற்றில் எது வந்தாலும் அடுத்த கிளினிக் நாளைப் பார்த்திருக்க வேண்டாம். அன்றைக்கே போங்கள். ஒன்றுமில்லை என்று திருப்பி அனுப்பினால் வெட்கப்பட ஒன்றுமில்லை.

வைத்தியசாலையில் இரண்டு முறை பிரஷர் பார்த்தார்கள். முதல் முறை பார்த்த தாதி போய் வைத்தியரைக் கூட்டிக்கொண்டு வந்தார். நூற்றெழுபதுக்கு மேல் இருந்தது. சிறுநீரில் புரதம் போயிருந்தது. பிரீ-எக்லாம்சியா (கர்ப்பத்தில் இரத்த அழுத்தம் ஏறி, தாயின் சிறுநீரகத்தையும் ஈரலையும் மூளையையும் தாக்கக்கூடிய நிலை) என்றார்கள். வலிப்பு வராமலிருக்க மக்னீசியம் ஏற்றினார்கள். அது ஏறும்போது உடம்புக்குள் வெந்நீர் ஓடுவதுபோல இருந்தது. பிள்ளையின் நுரையீரல் பலப்பட ஸ்டீரொய்ட் ஊசி போட்டார்கள். ஒரு நாள் கழித்து இரண்டாவது ஊசி போட வேண்டும். அதற்கு நேரம் கிடைக்கவில்லை.

மறுநாள் காலை என் இரத்தத்தில் பிளேட்லெட் (இரத்தம் உறைய உதவும் அணுக்கள்) வேகமாகக் குறைந்துவிட்டது. பெண் வைத்தியர் என் கட்டிலில் கைவைத்துக்கொண்டு சொன்னார்: “பிள்ளையை இப்ப எடுக்காட்டி ரெண்டு பேருக்கும் ஆபத்து, சுகந்தி. எடுத்தா உங்களைக் காப்பாத்தலாம். பிள்ளைக்கு எங்களால ஏலுமானதைச் செய்வம்.” அந்தக் கடைசி இரண்டு வசனங்களுக்கும் இடையில் இருந்த வித்தியாசம் எனக்கு அப்போதே விளங்கியது.

பெண் பிள்ளை. ஒரு கிலோவுக்கும் குறைவு. நான் அவளைப் பார்த்தது மூன்றாவது நாள்தான். சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போனார்கள். இன்குபேட்டருக்குள் (குறைமாதக் குழந்தையைச் சூட்டில் வைத்திருக்கும் கண்ணாடிப் பெட்டி) கிடந்தாள். தோல் அவ்வளவு மெல்லியது, உள்ளே ஓடும் நரம்பெல்லாம் தெரிந்தது. கால் பட்டியில் அவளுக்கென்று பெயர் இல்லை. என் பெயரை எழுதி, அதன் பக்கத்தில் ‘பேபி’ என்று எழுதியிருந்தார்கள்.

நான் கையை உள்ளே விட்டு அவள் முதுகைத் தடவினேன். மொனிட்டர் சத்தம் போட்டது. அங்கிருந்த சிங்களத் தாதி என் கையை மெதுவாகப் பிடித்து நிறுத்தினார். இவ்வளவு சின்னப் பிள்ளைகளுக்குத் தடவுவது தாங்காது, ஒரு கையைத் தலையிலும் ஒரு கையைப் பாதத்திலும் வைத்து அசையாமல் இருங்கள் என்று பாதி சிங்களத்திலும் பாதி சைகையிலும் காட்டித் தந்தார். அப்படியே இருந்தேன். சத்தம் அடங்கியது. அவள் பாதம் என் பெருவிரலளவுதான் இருந்தது.

அதே தாதிதான் பால் எடுக்கவும் பழக்கினார். மூன்று மணித்தியாலத்துக்கு ஒரு முறை கையால் பீச்சி எடுக்க வேண்டும். முதல் முறை மஞ்சளாகச் சீம்பால் (பிரசவமானதும் முதலில் சுரக்கும் பால்) சிரிஞ்சின் நுனியில் மட்டும் ஒட்டியிருந்தது. அதைக் கொண்டுபோய்க் கொடுக்கவே கூச்சமாக இருந்தது. “டிகக் எத்தி, அம்மே” என்றார் அவர். கொஞ்சம் போதும், அம்மா. மூக்கு வழியாகப் போன குழாயில் அந்தத் துளியை விட்டார்கள். அதன் பிறகு என் நாளை அந்த மூன்று மணித்தியாலங்கள்தான் நடத்தின. எத்தனை மணி என்று யாரும் கேட்டால், அடுத்த பாலுக்கு எவ்வளவு நேரம் இருக்கிறது என்றுதான் எனக்குச் சொல்லத் தெரிந்தது.

ஏழாம் நாள் பால் கூடியது. எட்டாம் நாள் அவளுக்குப் பால் விடுவதை நிறுத்தினார்கள். செப்சிஸ் (இரத்தத்தில் பரவும் கிருமித்தொற்று). ஒன்பதாம் நாள் மத்தியானம் தினேஷையும் என்னையும் கூப்பிட்டார்கள். குழாய்களைக் கழற்றி, ஒரு வெள்ளைத் துணியில் சுற்றி, முதன்முதலாக அவளை என் நெஞ்சில் வைத்தார்கள். பாரமே இல்லை. கொஞ்ச நேரம் சூடாக இருந்தாள்.

எனக்கு இன்னும் பிரஷர் இறங்கவில்லை என்று வார்டை விட்டு வெளியே விடவில்லை. தினேஷும் அவருடைய தம்பியும்தான் அடக்கத்துக்குப் போனார்கள். போவதற்கு முன் தினேஷ் ஒரு படிவத்தோடு வந்து கட்டிலருகே நின்றார். “பேர் ஒண்டு கேக்கிறாங்கள்” என்றார். நாங்கள் இரண்டு பேரும் அதுவரை பெயரைப் பற்றிக் கதைத்திருக்கவில்லை. குறைமாதப் பிள்ளைக்கு அவசரப்பட்டுப் பெயர் வைக்கக்கூடாது என்று பயந்திருந்தோம். ஆதிரை என்றேன். அவர் எழுதினார். எழுதியதன் மேலேயே இன்னொரு முறை எழுதினார்.

வீட்டுக்குப் போகும் நாளில் அந்தப் பெண் வைத்தியரிடம் கேட்டேன், புதன்கிழமை நான் கிளினிக்குக்கு வந்திருந்தால்? அவர் கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். “வந்திருந்தா ரெண்டு நாள் முந்திக் கண்டுபிடிச்சிருப்பம். மற்ற ஊசியையும் போட்டிருக்கலாம். அதால பிள்ளை பிழைச்சிருக்குமோ எண்டு எனக்குத் தெரியாது. தெரியாததை உங்களுக்குச் சொல்ல மாட்டன்.” அன்று அந்தப் பதில் கொடூரமாக இருந்தது. பிறகு, உங்கள் பிழை இல்லை என்று சொன்ன எல்லோரையும்விட அவரைத்தான் நான் நம்பினேன்.

வீட்டில் பால் நிற்கவில்லை. இதை முன்கூட்டி எனக்கு யாரும் சொல்லவில்லை. அதனால் உங்களுக்குச் சொல்கிறேன். மார்பு கல்லாகிவிட்டது. அடுத்த வீட்டுப் பிள்ளை அழுதால் சட்டை நனைந்தது. தாங்க முடியாவிட்டால் மட்டும் கொஞ்சம் பீச்சிவிடலாம், முழுக்க எடுத்தால் இன்னும் சுரக்கும், ஈரத்துணியைக் குளிராக வைக்கலாம் என்று கிளினிக்கில் சொன்னார்கள். காய்ச்சலோ சிவப்போ வந்தால் உடனே வரச் சொன்னார்கள். மூன்று மணித்தியாலத்துக்கு ஒரு முறை நானாகவே எழுந்து உட்கார்ந்தேன்.

நாலாம் நாள் மாமி பஸ்ஸில் வந்தார். அவரோடு முகங்கொடுத்துக் கதைக்க எனக்கு விருப்பமில்லை. அந்தப் பார்லித் தண்ணியை நான் மன்னிக்கவில்லை. அவர் ஒரு பையை அவிழ்த்தார். முழுக்க மல்லிகைச் சரம். பால் வற்ற மல்லிகைப்பூ வைத்துக் கட்டுவார்கள் என்றார். அறைக் கதவைச் சாத்திவிட்டு, என் சட்டையைக் கழற்றி, பூவை மார்பில் பரப்பி, பழைய வேட்டித் துணியால் சுற்றிக் கட்டினார். கட்டி முடித்த பிறகும் முடிச்சிலிருந்து கையை எடுக்கவில்லை.

“நான் அண்டைக்குச் சொன்னது பிழை, பிள்ளை” என்றார். “எனக்கும் தினேசுக்கு முந்தி ஒண்டு போனது. அப்பவும் கால் வீங்கினதுதான். அதை நான் மறந்திட்டன்.”

தினேஷுக்கே அது தெரியாது. நான் மாமியின் தோளில் நெற்றியை வைத்தேன். பூவோ, குளிர்த் துணியோ, நாள் போனதோ, பத்து நாளில் பால் வற்றியது. வற்றிய அன்று வந்த ஆறுதலை விட, இனி அவளுக்கென்று என் உடம்பில் ஒன்றுமில்லை என்ற நினைப்புத்தான் பெரிதாக இருந்தது.

பிரசவமாகி ஆறாவது வாரம் பிரஷர் காட்டுவதற்காகத் தனியே பஸ் ஏறினேன். வயிறு இன்னும் முழுதாக உள்ளே போகவில்லை. நிற்க இடமில்லாத கூட்டம். சீருடையிலிருந்த ஒரு சிங்களப் பாடசாலை மாணவி என் வயிற்றைப் பார்த்துச் சட்டென்று எழுந்தாள். “அக்கே, வாடி வென்ன” என்று, உட்காரச் சொல்லி, இடத்தைக் காட்டினாள். பக்கத்தில் நின்றவர்களும் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

இல்லை, பிள்ளை பிறந்துவிட்டது என்று சொல்லலாம். அதற்கு மேல் கேட்டால் மிச்சத்தையும் சொல்ல வேண்டிவரும். மனதுக்குள் கணக்குப் பார்த்தேன். இருபத்தொன்பதோடு ஆறு. பிள்ளை வயிற்றிலேயே இருந்திருந்தால் இது முப்பத்தைந்தாவது வாரம். அந்த மாணவி பிழையாக ஒன்றும் நினைக்கவில்லை.

சிங்களத்தில் ஸ்துதி என்று நன்றி சொல்லிவிட்டு, வயிற்றின் கீழே கையை வைத்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தேன்.