இரண்டு வட்டங்களுக்கு நடுவில் ஒரு துறை

அந்த ஆராய்ச்சி நிலையத்தில் அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. மற்றபடி எல்லோருக்கும் அவர் 'வட்டம்'. மரியாதை தெரிந்தவர்களுக்கு 'வட்டம் சார்'. நாள் முழுக்கக் கணினித் திரையில் வட்டம் போட்டுக்கொண்டிருக்கும் மனிதரை வேறு எப்படிக் கூப்பிடுவது?

புள்ளியியல் படித்துவிட்டு வெகுநாள் வீட்டில் சும்மா இருந்தவர். "இப்ப என்ன பண்றீங்க?" என்று யாராவது கேட்டால் உடனே அவருக்கு இருமல் வந்துவிடும். அவர் மனைவி கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். எப்பேர்ப்பட்ட பயந்தாங்கொள்ளியையும் ஸ்டியரிங் முன்னால் உட்காரவைத்து நெடுஞ்சாலைக்குக் கொண்டுபோய்விடுவாள். வீட்டிலேயே ஒரு பயந்தாங்கொள்ளி சோபாவை விட்டு எழுந்திருக்காமல் கிடந்தது அவளுக்குப் பொறுக்கவில்லை. தன் அண்ணனைப் பிடித்து உலுக்கினாள். அண்ணன் அந்த நிலையத்தில் மண் துறைத் தலைவர். அவர் ஒரு வார்த்தை சொன்னார். நூலகத்தில் வேலை கிடைத்தது. அன்றிலிருந்து மச்சானைக் கண்டால் வட்டத்துக்கு முதுகு தானாக வளையும்.

நூலகத்தில் சில வருஷம் நிம்மதியாகத்தான் போயிற்று. நிலையத்தார் எழுதும் ஆய்வுக் கட்டுரைகளைக் கணினியில் ஏற்றுவது, யாராவது கேட்டால் எடுத்துக் கொடுப்பது, யாரும் கேட்காததால் ஜன்னல் வழியே வேடிக்கை பார்ப்பது. இதற்கு முடிவு வந்தது இயக்குநர் ஒரு மாநாட்டுக்குப் போய் வந்தபோது. அங்கே சுவரில் அவர் அறிவியல் வரைபடம் ஒன்றைப் பார்த்துவிட்டார்.

"எல்லா அறிவியலும் ஒரே தாள்ல, துறைக்கு ஒரு வட்டமா, கலர் கலரா! பக்கத்துப் பக்கத்துத் துறையெல்லாம் பக்கத்துப் பக்கத்துல! நமக்கும் ஒண்ணு வேணும். வரவேற்பறைச் சுவர் சும்மாத்தானே கிடக்குது?" என்றார் இயக்குநர்.

புள்ளியியல் படித்தவர் அங்கே ஒருவர்தான் அகப்பட்டார்.

வட்டம் மாய்ந்து மாய்ந்து படித்தார். கட்டுரைகளில் என்னென்ன சொற்கள் வருகின்றன என்று கணினியை விட்டு எண்ணச் சொல்லி, ஒரே சொற்களைப் புழங்குபவர்களைப் பக்கத்தில் வைப்பது ஒரு வழி. கட்டுரையின் கடைசியில் யார் யாரை மேற்கோள் காட்டுகிறார்கள் என்று பார்த்து, ஒரே ஆட்களைச் சுட்டுபவர்களைப் பக்கத்தில் வைப்பது இன்னொரு வழி. சொற்களை மட்டும் நம்பியதில் பேட்டரி செல் ஆராய்பவரும் ரத்த செல் ஆராய்பவரும் ஒட்டிப் பிறந்தவர்கள் ஆனார்கள். மேற்கோளை மட்டும் நம்பியதிலோ, நிலையம் மொத்தமும் இயக்குநரைச் சுற்றி ஈயாய் மொய்த்தது. பதவி உயர்வு வேண்டியவர்கள் யாரை மேற்கோள் காட்டுவார்கள் என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆகவே இரண்டையும் கலந்து, ஒன்றின் பொய்யை மற்றது அடக்கும்படி செய்யவேண்டும்.

இதை அவர் மனைவிக்கு விளக்கினார்.

"அதாவது, யார் யார் ஒரே மாதிரி பேசறாங்கன்னு கவனிக்கணும். அப்புறம் யார் யாரோட பேரை எடுக்கறாங்கன்னு கவனிக்கணும். ரெண்டையும் சேர்த்துப் பார்த்தா யாருக்கு யார் நெருக்கம்னு தெரிஞ்சிடும்."

"நம்ம மாடி வீட்டம்மா சம்பளமே வாங்காம பண்றாங்களே அதை," என்றாள் மனைவி.

முதல் முயற்சியில் எல்லாவற்றையும் விடப் பெரிய வட்டத்துக்குக் கணினி தானாக வைத்த பெயர் 'மேலும் ஆய்வு தேவை'. நிலையத்தில் ஒருவர் விடாமல் எல்லோரும் எழுதும் வாக்கியம் அது. வட்டம் அதைக் கணக்கிலிருந்து நீக்கினார். உடனே அந்தப் பெரிய வட்டம் சோப்பு நுரை மாதிரி காணாமல் போயிற்று. அதற்குப் பின்னால் ஒளிந்திருந்த விவகாரம் அப்போதுதான் வெளியே வந்தது.

மண் துறையும் நீர்த் துறையும் ஒன்றின்மேல் ஒன்று ஏறி உட்கார்ந்திருந்தன.

நீர்த் துறைத் தலைவியை எல்லோரும் நீரம்மா என்பார்கள். அவரும் மச்சானும் ஒரே ஆசிரியரிடம் ஒன்றாகப் படித்தவர்கள்தான். ஆய்வகத்தில் இருந்த ஒரே உலர்த்தும் அடுப்பை யார் முதலில் எடுப்பது என்று எப்போதோ தகராறு வந்து, அதோடு பேச்சு நின்றது. மச்சான், மண் நீரை எப்படி உள்ளே இழுக்கிறது என்று ஆராய்ந்தார். நீரம்மா, நீர் மண்ணுக்குள் எப்படி இறங்குகிறது என்று ஆராய்ந்தார். மறந்தும் ஒருவரை ஒருவர் மேற்கோள் காட்டியதில்லை. ஆனால் சொற்களைப் பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள். நேரடியாகப் பெயர் சொல்லாவிட்டாலும், இருவரும் சுட்டிய பழைய கட்டுரைகளும் அச்சு அசல் ஒன்றே.

மாதிரிப் படத்தை வட்டம் எல்லாத் துறைக்கும் அனுப்பினார். அன்று சாயங்காலமே மச்சான் வீட்டுக்கு வந்துவிட்டார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"என்ன மாப்ள, அந்தம்மா மடியில கொண்டுபோய் என்னை உட்காரவச்சிருக்கே?"

"நான் வைக்கலை மச்சான். கணினி வச்சிருக்கு."

"கணினிக்கு வேலை வாங்கிக் கொடுத்தது நானா, உனக்கு வாங்கிக் கொடுத்தது நானா?"

வட்டத்துக்கு இருமல் வந்தது. மனைவி வாசலில் நின்றபடி, "அண்ணே, அவரை மிரட்டாதே. செய்ய வேண்டிய வேலையைத்தான் அவர் செஞ்சிருக்காரு," என்றாள். மச்சான் போய்விட்டார். ஆனால் மறுநாள் நீரம்மாவும் நூலகத்துக்கு வந்து, "எனக்கும் அந்த ஆளுக்கும் என்ன சம்பந்தம்? தள்ளி வைக்கிறீங்களா, இல்லே நான் எழுத்து மூலமா மேல புகார் பண்ணட்டுமா?" என்று கேட்டபோது வட்டத்தின் முதுகெலும்பு கரைந்துவிட்டது. அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, மவுஸால் மண் துறை வட்டத்தைப் பிடித்து இடது பக்கமும் நீர்த் துறை வட்டத்தை வலது பக்கமும் இழுத்துவிட்டார். அவ்வளவுதான். மனைவியிடம்கூடச் சொல்லவில்லை.

படம் வரவேற்பறையில் ஏறியது. மண் துறையில் திருப்தி, நீர்த் துறையில் திருப்தி. மற்றவர்கள் தங்கள் வட்டம் பக்கத்து அறைக்காரன் வட்டத்தைவிடச் சிறியதாக இருப்பதாக முறையிட்டார்கள். அதெல்லாம் வழக்கமான பொறாமை.

வினை ஆண்டுக் கூட்டத்தில் வந்தது. நிதி கொடுக்கும் குழுவினர் முன்னால் இயக்குநர் ஒரு குச்சியை வைத்துக்கொண்டு படத்தை விளக்கினார். குச்சி மண்ணிலிருந்து நீருக்குப் போகும் வழியில் நின்றுவிட்டது. நடுவில் ஒரு பெரிய வெள்ளை இடம்.

"பாருங்க! இங்க யாருமே வேலை செய்யலை!" என்றார் இயக்குநர். "உலகத்துலேயே யாரும் கால் வைக்காத இடமா இருக்கும் இது! இதுக்கு ஒரு தனித் துறை ஆரம்பிச்சாகணும்!"

குழுத் தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு வெள்ளையை உற்றுப் பார்த்தார். "அற்புதம்," என்றார்.

கூட்டம் முடிந்ததும் வட்டம் பின்வரிசையிலிருந்து எழுந்து இயக்குநர் அறைக்கு ஓடினார்.

"சார், அந்த வெள்ளை... அது நிஜமா இல்லை சார். ரெண்டையும் நான்தான் கையால கொஞ்சம் தள்ளி..."

இயக்குநர் அவர் தோளில் கைபோட்டார். "உங்க தன்னடக்கம் எனக்குப் பிடிச்சிருக்கு. கண்டுபிடிச்சவர் நீங்க. துறைக்கும் நீங்கதான் தலைவர்."

"இல்ல சார், நான் என்ன சொல்ல வரேன்னா..."

"பெயர்ப்பலகைக்குச் சொல்லியாச்சுங்க!" என்றார் இயக்குநர். அதற்கு மேல் பேச்சில்லை.

இப்படியாக இடைவெளி ஆய்வுத் துறை பிறந்தது. உடைந்த நாற்காலிகள் கிடந்த அறையைச் சுத்தம் பண்ணி வெள்ளையடித்தார்கள். ஏ.சி. வந்தது, சுழல் நாற்காலி வந்தது, கதவில் பலகை வந்தது. வேலைதான் வரவில்லை. மண்ணுக்கும் நீருக்கும் நடுவில் ஆராய என்ன இருக்கிறது? மண்ணுக்குள் நீர் இறங்குவதுதான் இருக்கிறது. அதை இரண்டு பேர் ஏற்கெனவே ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள். வட்டம் சுழல் நாற்காலியில் இந்தப் பக்கம் ஒரு சுற்று, அந்தப் பக்கம் ஒரு சுற்று சுற்றுவார். ஒருநாள் வீட்டில் மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்.

அவள் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு முகம் மாறியது. "என்கிட்ட படிக்க வர்றவங்க பிரேக்குன்னு நினைச்சு ஆக்சிலேட்டரை மிதிப்பாங்க. அது தெரியாம செய்யறது. நீங்க தெரிஞ்சே மிதிச்சிருக்கீங்க. என் அண்ணன் மூஞ்சிக்காகவா?"

அவருக்கு மறுபடி இருமல் வந்தது.

துறை ஆரம்பித்த செய்தி மச்சானுக்கும் நீரம்மாவுக்கும் ஒரே நேரத்தில் எட்டியது. தன் வயலில் அடுத்தவன் ஏர் பூட்டியது போல் இருவரும் கொதித்தார்கள். இயக்குநர் அறை வாசலில் மோதிக்கொள்ளாத குறையாகச் சந்தித்தார்கள்.

"நான் செய்யற வேலைக்கு எங்க வீட்டு மாப்ள தலைவரா?" என்றார் மச்சான், சுவரைப் பார்த்து.

"நாம செய்யற வேலைன்னு சொல்லுங்க," என்றார் நீரம்மா.

அதுதான் அவர்கள் பல காலம் கழித்துப் பேசிய முதல் வாக்கியம். பிறகு நிற்கவில்லை. அந்த இடைவெளி ஒரு பித்தலாட்டம், அங்கே எல்லாவற்றையும் தாங்கள் இருவரும் எப்போதோ செய்து முடித்தாகிவிட்டது என்று நிரூபித்து ஒரு கூட்டுக் கட்டுரை எழுதினார்கள். நிரூபிப்பதற்கு ஒருவர் மற்றவருடைய பழைய கட்டுரைகளை அடுக்கடுக்காக மேற்கோள் காட்டவேண்டியிருந்தது. அவர்களிடம் படிக்கும் மாணவர்களும் அதைப் பார்த்து அப்படியே எழுதத் தொடங்கினார்கள். உலர்த்தும் அடுப்பு இப்போது இரு துறைக்கும் பொது.

அடுத்த ஆண்டு வரைபடத்துக்கு நேரம் வந்தது. வட்டம் இந்தத் தடவை மவுஸ் பக்கமே கையைக் கொண்டுபோகவில்லை. வேலை போனால் போகட்டும், சோபா இருக்கவே இருக்கிறது என்று மனதைத் தேற்றிக்கொண்டு, கணினி கொடுத்ததை அப்படியே அச்சிட்டார். சொற்களும் மேற்கோளும் ஒரே குரலில் சொல்லிவிட்டன: மண்ணும் நீரும் ஒன்றோடொன்று கலந்து சேறாகக் கிடந்தன. இடைவெளி மருந்துக்கும் இல்லை.

தாளை எடுத்துக்கொண்டு அவர் இயக்குநர் முன்னால் போய் நின்றார். இருமல் வரவில்லை.

"சார், இந்தத் தடவை எதையும் தொடலை. இடைவெளி இல்லை. எங்க துறைக்கு வேலையே இல்லை சார்."

இயக்குநர் போன வருஷத்துப் படத்தையும் இந்த வருஷத்துப் படத்தையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் விரித்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார்.

"ஒரே வருஷத்துல இடைவெளியை மூடிட்டீங்களே, அய்யா!"



அந்த ஆண்டின் சிறந்த துறை விருது இடைவெளி ஆய்வுத் துறைக்குக் கிடைத்தது. மேடையில் கேடயத்தை வாங்கும்போது முன்வரிசையில் மச்சானும் நீரம்மாவும் அக்கம்பக்கமாக உட்கார்ந்து, கைதட்டாமல், ஒரே மாதிரி முறைத்தார்கள். அதன் பிறகு மச்சான் தங்கை வீட்டுக்கு வந்தால் அவளிடம் மட்டும் பேசிவிட்டுப் போவார். வட்டத்துக்கு அதில் வருத்தம் உண்டு. ஆனால் முதுகுக்குச் சௌகரியமாக இருந்தது.

நூலகத்துக்கே திரும்பிப் போகிறேன் என்று அவர் எழுதிக் கேட்டார். வெற்றி பெற்ற துறையை மூடுவதற்கு விதி இல்லை என்று பதில் வந்தது. கூடவே உதவிக்கு இரண்டு ஆட்களையும், அடுத்த இடைவெளியைச் சீக்கிரம் கண்டுபிடிக்கும்படி ஓர் உத்தரவையும் அனுப்பிவைத்தார்கள். அந்த இருவரும் வேலையில் சேர்ந்த அன்று, "சார், நாங்க என்ன செய்யணும்?" என்று கேட்டார்கள்.

"உட்காருங்க," என்றார் வட்டம். "முதல்ல அந்த மவுஸை அலமாரியில வச்சுப் பூட்டுங்க."